தந்தை வழி வந்த புள்ளி

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கிறது. ஐந்தாண்டுகளுக்கு முன் கொளத்தூர் வண்ணமீன் கடைத்தெருவில் என் மகள் பிடிவாதமாக நின்று வாங்கிய கப்பி மீன்களை அதில்தான் விட்டோம். மூன்று ஆண், நான்கு பெண். ஆண்களின் வால் உடலளவுக்குச் சற்றே குறைந்த நீளத்தில், விரித்த சிவப்பு விசிறியைப் போல இருந்தது. பின்னர் எதிர்வீட்டுச் சிறுவன் ஓடையில் பிடித்த சாதாரண மீன்கள் சிலவற்றையும் எங்களைக் கேட்காமலேயே அதில் சேர்த்துவிட்டான். மீன்கொத்தி ஒன்று காலை வேளைகளில் வந்து போயிற்று. இன்று அத்தொட்டியில் நூற்றுக்கு மேற்பட்ட மீன்கள் உண்டு. அந்தச் சிவப்பு விசிறி மட்டும் ஒன்றிடம்கூட இல்லை. சிறுத்த உடலும், கண்ணாடி போன்ற குட்டை வாலும், விலாவில் ஆரஞ்சும் கறுப்புமாக இரண்டொரு புள்ளிகளும் கொண்ட மீன்களே எஞ்சியிருக்கின்றன.

"அப்பாவோட வால் எங்க போச்சு?" என்று மகள் கேட்டாள். கேட்டது மீனின் அப்பாவைப் பற்றி. இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது. நான் அறிவியல் படித்த ஆள் அல்ல. தமிழிலக்கியம் கற்பிப்பது என் தொழில். ஆனால் ஏட்டுச் சுவடிகளின் வழிமரபைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, ஒரு மீனின் வாலும் ஏறக்குறைய அதே வகையான சிக்கலாகத்தான் தெரிந்தது. எந்தப் படி எதிலிருந்து எழுதப்பட்டது, எங்கே பாடம் மாறியது, யார் திருத்தினார்கள்?

*

முதலில் பெயரின் கதை. தென் அமெரிக்காவின் வடகரையிலும் டிரினிடாட் முதலிய தீவுகளிலும் ஓடைகளில் வாழும் ஒன்றரை அங்குல மீன் இது. வெனிசுவேலாவின் காரகாஸ் நகரிலிருந்து வந்த மாதிரிகளைக் கொண்டு பெர்லின் விலங்கியலாளர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1859 இல் இதை முதன்முதலாக விவரித்தார். செதில்களின் விளிம்பு வலைப்பின்னல் போலத் தோன்றியதால் 'ரெட்டிகுலேட்டா' என்று பெயரிட்டார். இரண்டாண்டு கழித்து, பார்படோஸ் தீவின் மீனைப் பார்த்த இத்தாலியர் டி பிலிப்பி வேறொரு பெயரிட்டார். 1866 இல் லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆல்பர்ட் குந்தர் மூன்றாவது பெயர் ஒன்றைச் சூட்டினார். டிரினிடாடிலிருந்து மீனை அனுப்பியவர் நினைவாக 'ஜிரார்டினஸ் கப்பியை' என்றார்.

அனுப்பியவர் ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி. 1836 இல் லண்டனில் பிறந்து 1916 இல் டிரினிடாடில் மறைந்தவர். இளமையில் நியூசிலாந்துக் கரையில் கப்பல் உடைந்து மாவோரி மக்களிடையே இரண்டாண்டு வாழ்ந்தார் என்பார்கள். பிறகு டிரினிடாடில் பள்ளிகளின் ஆய்வாளராகப் பணியாற்றினார். அவருடைய உண்மையான ஈடுபாடு நிலவியலிலும் தொல்லுயிர்ச் சிப்பிகளிலும் இருந்தது. மீன் அதற்கு நடுவே வந்த ஒன்று. எனினும் சிப்பிகளைப் பற்றி அவர் எழுதியவற்றை இன்று துறைசார்ந்தோர் சிலரே அறிவர். அவர் பெயரையோ உலகின் எல்லாக் கண்டங்களிலும் குழந்தைகள் அன்றாடம் சொல்கிறார்கள். ஒரே மீனுக்கு மூன்று பெயர் என்பது தெரிந்ததும் முந்தைய பெயருக்கே உரிமை என்ற விதிப்படி குந்தரின் பெயர் நூல்களிலிருந்து நீக்கப்பட்டது. பேரினப் பெயரும் சில முறை மாறி, இன்று 'பொயிசிலியா ரெட்டிகுலேட்டா' என்று நிற்கிறது. நூலில் அழிந்த கப்பி நாவில் நிலைத்துவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயரிட்டவர்கள் பார்த்தவை அருங்காட்சியகத்தில் சாராயத்தில் ஊறிய மீன்கள். அவற்றில் ஆரஞ்சு நிறம் தங்காது. சில நாட்களில் வெளுத்துவிடும். பின்னால் இம்மீனின் வரலாறாகவே ஆகப்போகும் நிறத்தை, அதன் முதல் ஆசிரியர்கள் பொருட்படுத்த வாய்ப்பே இருந்திருக்காது.

மேற்கிந்தியத் தீவுகளில் இதற்கு 'மில்லியன்ஸ்' என்று பெயர். நீர் கண்ட இடமெல்லாம் இலட்சம் இலட்சமாகப் பெருகுவதால் வந்த பெயர். பக்கத்துத் தீவுகளைப் போலப் பார்படோஸில் மலேரியா இல்லாதிருந்ததற்குக் கொசுப் புழுவைத் தின்னும் இம்மீனே காரணம் என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிற்று. பாலோ என்ற பூச்சியியலாளர் 1908 இல் மில்லியன்ஸையும் கொசுவையும் பற்றி ஒரு சிறுநூலே எழுதினார். 1927 இல் பார்படோஸிலும் மலேரியா பரவியது வேறு கதை. அதற்குள் மீன் பல நாடுகளுக்குப் பயணப்பட்டுவிட்டது. 1910 வாக்கில் இந்தியாவுக்கு வந்ததும் இந்தக் கொசு வேலைக்காகத்தான். நம்மூர்ச் சாக்கடைகளில் இன்று மொய்க்கும் கப்பிகளும் அந்த ஏற்பாட்டின் மிச்சமே. புகுந்த இடங்களில் உள்ளூர்ச் சிறுமீன்களுக்கு இது இடைஞ்சலாகிறது என்று சூழலியலாளர்கள் எச்சரிப்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே 1908 இல் உயிருள்ள கப்பிகள் ஜெர்மனியை அடைந்தன. அப்போது அங்கே நகரந்தோறும் மீன்தொட்டி மன்றங்கள் இருந்தன. கப்பி முட்டையிடாமல் குஞ்சு ஈனும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஈனும். சிறு கண்ணாடிக் குடுவையிலும் பிழைத்துக்கொள்ளும். எளிய மனிதரின் மீன். ஒரே ஈற்றில் பிறந்த ஆண்களில்கூட ஒன்றைப் போல் ஒன்று இராத நிறங்கள்தாம் மக்களை இழுத்தன. பெண்ணோ சற்றுப் பெரியது, சாம்பல் பூத்தது, எதையும் வெளிக்காட்டாதது.

*

மீன் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தது கோபன்ஹேகனில். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகம் பீர் காய்ச்சும் ஆலையோடு சேர்ந்து 1875 இல் நிறுவப்பட்டது. புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பி.ஹெச். அளவுகோல் 1909 இல் உருவானது இங்கேதான். அங்கே உடலியல் துறையின் தலைவராக இருந்தவர் யோஹானஸ் ஷ்மித். ஐரோப்பிய விலாங்கு மீன்கள் இனம்பெருக்க அட்லாண்டிக்கைக் கடந்து சர்காசோ கடலுக்குப் போகின்றன என்று நிறுவ இருபது ஆண்டுகள் கடலில் வலை வீசியவர். கடலில் இல்லாத நாட்களில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது தொட்டியில் நீந்திய கப்பிகளை.

அவரிடமிருந்த ஒரு வகை ஆண்களுக்கு முதுகுத் துடுப்பில் ஒரு கரும்புள்ளி இருந்தது. வேறொரு வகைக்கு அது இல்லை. புள்ளியுள்ள ஆணைப் புள்ளியில்லாத இனத்துப் பெண்ணோடு சேர்த்தால் பிறந்த ஆண்கள் அனைத்துக்கும் புள்ளி வந்தது. புள்ளியில்லாத ஆணைப் புள்ளி இனத்துப் பெண்ணோடு சேர்த்தால் ஓர் ஆணுக்கும் வரவில்லை. புள்ளியுள்ள தந்தையின் மகளை எத்தனை பேருக்குக் கட்டிக்கொடுத்தாலும், அவள் வயிற்றில் பிறந்த பேரன்களிடம் தாத்தாவின் புள்ளி தோன்றவே இல்லை. மகள் அதைச் சுமக்கக்கூட இல்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து அவன் மகனுக்கு என்று நேர்கோட்டில் அது இறங்கியது. ஷ்மித் இதனை 1920 இல் வெளியிட்டார். மெண்டலின் விதிகளில் தேர்ந்தவர்களுக்கும் இது வியப்பாக இருந்திருக்க வேண்டும். நம்மூரில் கோத்திரம் என்றால் யாருக்கும் விளங்கிவிடும்.

விளக்கம் தந்தவர் ஓய்வின் விங்கே. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள்; ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். ஒய் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். ஆகவே அந்தப் புள்ளியின் மரபணு ஒய்யில் இருக்கிறது என்றார். இன்று பள்ளிப் பாடம்போல் தோன்றும் இது 1922 இல் துணிவான கூற்று. அமெரிக்காவில் பழ ஈக்களை ஆராய்ந்தவர்கள் ஒய்யை ஏறக்குறைய வெற்றுக் குரோமோசோம் என்றே கருதியிருந்தார்கள். ஏறத்தாழ அதே நேரத்தில் ஜப்பானில் தாட்சுவோ ஐடா, வயல்வெளி மீனான மெடாகாவின் ஒய்யில் ஒரு நிற மரபணு இருப்பதை 1921 இல் காட்டினார். உலகின் இரு கோடிகளில், இரண்டு சிறு மீன்கள் ஒரே சேதியைச் சொல்லின.

விங்கே விடவில்லை. 1927 இல் கப்பியின் பதினெட்டு மரபணுக்களின் இருப்பிடத்தை வெளியிட்டார். அவற்றுக்கு அவர் வைத்த இலத்தீன் பெயர்கள் ஒரு சிறு கவிஞனின் பட்டியல் போல இருக்கின்றன. 'மேக்குலேட்டஸ்' என்றால் புள்ளியுடையது. இதுவே ஷ்மித்தின் பழைய புள்ளி. 'அர்மாட்டஸ்', ஆயுதம் தரித்தது. வாலில் ஒரு வாள் நீண்டிருக்கும். 'ஃபெருஜினியஸ்', துருநிறத்தது. 'ஐரிடசென்ஸ்', வானவில்லாய் மின்னுவது. 'பாப்பர்' என்று ஒன்று: ஏழை. நிறம் குறைந்த ஆணுக்கு ஒரு டேனியப் பேராசிரியர் வைத்த பெயர் அது. படிக்கும்போது அவர்மீது எனக்குச் சட்டென்று ஒரு பிரியம் உண்டாயிற்று.

அவர் கண்டவற்றில் முக்கியமானது வேறு. சில நிறங்கள் எக்ஸிலிருந்து ஒய்க்கும் ஒய்யிலிருந்து எக்ஸுக்கும் எப்போதாவது தாவின. மேக்குலேட்டஸ் மட்டும் ஒருபோதும் ஒய்யை விட்டு நகரவில்லை. சுவடி மொழியில் சொல்வதானால், இரண்டு ஏட்டுக்கட்டுகள் அருகருகே கிடக்கையில் கடைசி ஏடுகள் சில இடம் மாறிக் கலந்துவிடும். கயிறு கோத்த இடத்துக்கு அருகே உள்ள ஏடுகள் மாறுவதில்லை. ஆணாக்கும் மரபணுவே அந்தக் கயிறு. பிற்பாடு விங்கே விடாமல் தேர்ந்தெடுத்து வளர்த்து, ஒய்யே இல்லாத, இரண்டு எக்ஸ் கொண்ட ஆண் கப்பிகளையும் உருவாக்கினார். பால் என்பது ஒரே மரபணுவின் கட்டளை அல்ல, பல மரபணுக்களின் கூட்டுக் கணக்கு என்பதற்கு 1930களில் கிடைத்த சான்று அது. 1933 இல் ஷ்மித் இறந்ததும் அவர் பதவிக்கு விங்கே வந்தார். பீர் ஆலையின் ஆய்வகம் என்பதால் ஈஸ்டு பக்கம் திரும்பி, அத்துறையின் தந்தை என்று பெயர் பெற்றார். கப்பி அவருக்கு ஒரு நீண்ட முன்னுரை.

இவற்றைப் படித்த ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் வேறொரு கேள்வியை எழுப்பினார். நிறம் ஏன் ஒய்யைச் சுற்றியே குவிகிறது? நிறம் ஆணுக்கு மணம் கூட்டும். பெண்ணுக்கு ஆபத்து மட்டுமே தரும். ஆகவே அதை ஆண்வழியிலேயே பூட்டி வைப்பதை இயற்கை விரும்பும் என்பது அவர் வாதம். ஆனால் பெண்கள் வெறுங்கையராக இருக்கவில்லை. எக்ஸில் உள்ள நிறங்களையும் பிற குரோமோசோம்களில் உள்ளவற்றையும் அவர்கள் சுமக்கிறார்கள். ஆண் சுரப்பு இல்லாததால் அவை வெளிப்படுவதில்லை. பெண் மீனுக்குச் சிறிதளவு ஆண் சுரப்பு கொடுத்தபோது, அந்தச் சாம்பல் உடலில் மறைந்திருந்த நிறங்கள் மேலெழுந்தன.

இந்திய வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் இக்கதையில் வருகிறார்: ஹெலன் ஸ்பர்வே. லண்டன் பல்கலைக் கல்லூரியில் ஜே. பி. எஸ். ஹால்டேனோடு பணியாற்றியவர், அவரையே மணந்தவர். ஆணோடு சேராத கப்பிப் பெண்கள் தம் தொட்டிகளில் குஞ்சு ஈன்றதைக் கண்டு, அதைக் கன்னிப் பிறப்பு என்று 1953 இல் அறிவித்தார். மனிதரிலும் இது நேரக்கூடாதா என்று 1955 இல் அவர் ஓர் உரையில் கேட்டதும், லண்டன் ஞாயிற்றிதழ் ஒன்று கன்னித் தாய்மார்களைத் தேடி அறிவிப்பு வெளியிட்டது. சில பெண்கள் முன்வரவும் செய்தார்கள். ஊர் முழுதும் இதைப் பேசி முடித்த பிறகு, 1957 இல் ஸ்பர்வே தம் முடிவைத் தாமே திருத்தினார். சில மீன்கள் ஒரே உடலில் ஆணும் பெண்ணுமாக இருந்து தம்மைத் தாமே கருவூட்டிக்கொண்டிருந்தன என்று எழுதினார். பரபரப்பு செய்தியான அளவுக்குத் திருத்தம் செய்தியாகவில்லை, வழக்கம்தானே. அவ்வாண்டிலேயே தம்பதியர் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தனர். ஹால்டேன் 1964 இல் புவனேஸ்வரத்தில் மறைந்தார். ஸ்பர்வே 1978 இல் மறையும் வரை இந்நாட்டிலேயே இருந்தார்.

*

இதுவரை சொன்னவற்றில் பெரிய வால் எங்குமே வரவில்லை. விங்கேயின் கப்பிகளுக்கு வாள் நீட்சி இருந்தது, விசிறி இல்லை. விசிறியைச் செய்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர்.

ஜெர்மனியிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய பால் ஹானல் என்பவரின் பெயரைப் பழைய வளர்ப்பாளர்கள் மரியாதையோடு சொல்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர் வெளிக்கொணர்ந்த அகல்வால் கப்பிகளால் அவருக்குக் 'கப்பி அரசர்' என்ற பட்டம் அமைந்தது. புளோரிடாவில் வில்லியம் ஸ்டெர்ன்கே பொன்னிறக் கப்பிகளால் அறியப்பட்டார். 1960களில் அமெரிக்காவில் தனிச் சங்கமும், போட்டிகளும், நடுவர்களும் வந்தாயிற்று. ஐரோப்பியர் தமக்கே உரிய ஒழுங்கோடு வாலைப் பன்னிரண்டு வடிவங்களாக வகுத்து இலக்கணம் செய்தனர். முக்கோணம், விசிறி, முக்காடு, கொடி என நான்கு பெருந்துடுப்புகள். இரட்டை வாள், மேல்வாள், கீழ்வாள், யாழ் என நான்கு வாள்வால்கள். மண்வெட்டி, ஈட்டி, வட்டம், ஊசி என நான்கு குறுவால்கள். முக்கோண வாலின் விரிகோணம் 70 பாகை இருக்க வேண்டும் என்று அளவும் உண்டு. யாப்பருங்கலம் நடத்துகிறவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

கலை எங்கே இருக்கிறது என்றால், கண்ணுக்குத் தெரியாததைத் தேர்வதில் இருக்கிறது. ஆணைத் தேர்வது எளிது. எல்லாம் வெளியில் இருக்கிறது. வால் வடிவின் பாதி தாயிடமிருந்து வருகிறது. தாயோ எதையும் காட்டுவதில்லை. ஆகவே வளர்ப்பாளர் பெண்ணின் வாலடித் தண்டு தடித்திருக்கிறதா, வால் துடுப்பு சற்றேனும் விரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். அதைவிட, அவளுடைய சகோதரர்களைப் பார்ப்பார். இறுதியில் அவள் ஈன்ற மகன்களைப் பார்த்துத்தான் அவளை மதிப்பிடுவார். இதில் ஓர் இடர் உண்டு. பெண் கப்பி ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தைப் பல மாதங்கள் உடலில் காத்து வைத்து, ஆண் இல்லாமலேயே ஈற்றுக்கு மேல் ஈற்று ஈனும். எனவே மூன்று நான்கு வாரக் குஞ்சிலேயே, ஆணின் குதத் துடுப்பு கூர்மையடையத் தொடங்கும் முன், பெண்களைப் பிரித்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் தந்தை யார் என்ற கணக்கே குழம்பிவிடும். கைவிளக்கும் உருப்பெருக்கியும் வைத்துக்கொண்டு இரவு முழுதும் சுண்டுவிரல் நகத்தளவு குஞ்சுகளைப் பிரிக்கும் மனிதர்களைப் பற்றிப் படிக்கையில், ஓலைச்சுவடியில் புள்ளியில்லா எழுத்துகளோடு கண் கெடுத்துக்கொண்ட நம் பதிப்பாசிரியர்கள் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

பிறகு நெருங்கிய உறவில் கலப்பு. அண்ணனுக்குத் தங்கை, தந்தைக்கு மகள். அப்படிச் செய்தால்தான் ஒரு தொட்டியின் ஆண்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலாகும். விலை அதற்குப் பின்னால் வரும். ஈற்றில் குஞ்சுகள் குறையும், முதுகெலும்பு வளையும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஆய்வொன்று, உறவுக்கலப்பு தலைமுறைதோறும் கப்பியின் தாங்குதிறனைக் குறைப்பதையும், வேற்று இனத்தோடு கலந்ததும் வலு மீள்வதையும் அளந்து காட்டிற்று. இதை அறிந்த வளர்ப்பாளர்கள் ஒரே இனத்தை இரண்டு மூன்று கிளைகளாகத் தனித்தனித் தொட்டிகளில் வைத்து, சில தலைமுறைக்கு ஒருமுறை கிளைகளைச் சேர்ப்பார்கள்.

எனக்கு மிகவும் உறுத்திய செய்தி நாடா வால், தூக்கணாங்குருவி வால் போன்ற நீள்துடுப்பு இனங்களைப் பற்றியது. துடுப்புகளை நீட்டும் அந்த மரபணு எல்லாத் துடுப்பையும் நீட்டிவிடுகிறது. ஆணின் குதத் துடுப்புதான் புணர்ச்சி உறுப்பு. அதுவும் நூல்போல் நீண்டு, பயனற்றுப் போகிறது. போட்டியில் பரிசு பெறும் ஆணுக்குச் சந்ததி கிடையாது. அப்படியானால் இனம் எப்படித் தொடர்கிறது? அழகற்ற சகோதரன் வழியாக. நீள்துடுப்புப் பெண்ணை, அதே ஈற்றில் பிறந்த குறுந்துடுப்பு ஆணோடு சேர்க்கிறார்கள். எந்த மேடையிலும் ஏறாத, எந்தப் படத்திலும் இடம்பெறாத அந்த ஆண் ஒவ்வொரு தலைமுறையிலும் இன்றியமையாதவன். விங்கே இருந்திருந்தால் அவனுக்கும் 'ஏழை' என்று பெயர் வைத்திருப்பார்.

வணிகம் கிழக்கே நகர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். சிங்கப்பூரின் பண்ணைகள் குளங்களில் வலைக் கூண்டுகள் கட்டி, சற்றே உப்புத் தன்மையுள்ள நீரில் பெருமளவு கப்பிகளை வளர்த்து ஏற்றுமதி செய்தன. கப்பி அங்கே பொழுதுபோக்கு அல்ல, பயிர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வயலட் பாங் 1980களின் இறுதியில் பச்சைப் பாம்புத்தோல், அரைக்கறுப்பு முதலிய பண்ணை இனங்களைக் கலந்து, எந்த நிறம் எந்தக் குரோமோசோமில் வருகிறது என்று ஆராய்ந்தார். கோபன்ஹேகனில் தொடங்கிய கணக்கு சந்தை மீனுக்கும் பொருந்தியது. அரைக்கறுப்பு நிறத்தை ஹாம்பர்கின் மிகாயேல் ட்ஸ்வில்லோ 1959 இலேயே வளர்ப்பு இனங்களில் ஆராய்ந்திருந்தார்.

*

மகளின் கேள்விக்கான விடை டிரினிடாடில் இருந்தது.

கேரில் ஹாஸ்கின்ஸ் எறும்பு ஆராய்ச்சிக்கும், கார்னகி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கும் பெயர் பெற்றவர். அவரும் மனைவி எட்னாவும் 1950களில் அத்தீவின் ஓடைகளுக்குப் போய்க் கப்பிகளைப் பார்த்தார்கள். ஓர் ஓடையில் அருவி இருந்தால், அதற்குக் கீழே கப்பிகளைத் தின்னும் பெரிய மீன்கள் உண்டு. அவை அருவியேற முடியாது. கீழ்நீர் ஆண்கள் மங்கலாகவும் மேல்நீர் ஆண்கள் பளிச்சென்றும் இருந்தன. 1957 இல் ஹாஸ்கின்ஸ் ஒரு நதியின் கப்பிகளைக் கப்பியே இல்லாத டுரூரே நதியின் மேற்பகுதியில் கொண்டுபோய் விட்டார்.

அதைச் சோதனையாகவே ஆக்கியவர் ஜான் எண்ட்லர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கண்ணாடி வீட்டில் குளங்கள் கட்டி, அடியில் வண்ணக் கூழாங்கற்கள் பரப்பி, சிலவற்றில் கொடிய பகை மீன்களையும், சிலவற்றில் அவ்வளவாகத் தீங்கு செய்யாத மீனையும் விட்டார். சிலவற்றில் எதையும் விடவில்லை. சில தலைமுறைகளுக்குள்ளேயே மாற்றம் தெரிந்தது. பகை இல்லாத இடத்தில் ஆண்களின் புள்ளிகள் பெருகின, பெரிதாயின. பகை இருந்த இடத்தில் குறைந்து, அடியிலிருந்த கற்களின் அளவுக்கு ஒத்துவந்தன. 1976 இல் அரிப்போ ஆற்றின் கீழ்ப்பகுதி மீன்களை, பகை குறைந்த கிளையோடை ஒன்றுக்கு மாற்றினார். இரண்டாண்டில் அங்கும் நிறம் கூடியிருந்தது. 1980 இல் இவ்விரண்டையும் ஒரே கட்டுரையில் வெளியிட்டார். பரிணாமத்தைக் காண ஊழிக்காலம் வேண்டும் என்ற எண்ணத்தை அசைத்த கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

ஆக, ஆணின் உடலில் எழுதுவோர் இருவர். பெண்ணின் கண் கூட்டுகிறது. பகைவனின் கண் அழிக்கிறது. பெண்கள் ஆரஞ்சை விரும்புகின்றன. அதன் நிறமியில் ஒரு பகுதி உணவிலிருந்துதான் கிடைக்கும் என்பதால், நன்றாக இரை தேடியவன் என்பதற்கும் அது அடையாளம். 1950களில் மூன்றாவதாக ஒரு கண் சேர்ந்தது. அது மனிதக் கண். அதற்குப் பகைமீனின் பயமுமில்லை, பெண்மீனின் சம்மதமும் தேவையில்லை. எங்கள் தொட்டியில் அந்த மூன்றாவது கண்ணை நாங்கள் மூடிவிட்டோம். ஓடை மீன்களின் ஆண்கள் விரைந்து நீந்தி, விசிறி வாலைச் சுமந்து தள்ளாடியவர்களை முந்திக்கொண்டன. மீன்கொத்தி தன் பங்கைச் செய்தது. விசிறியை ஆக்கும் பல மரபணுக்கள் ஒன்றுசேர்ந்து வந்தால்தான் விசிறி. கலந்து சிதறினால் இல்லை. மகளிடம் இதை இவ்வளவாகச் சொல்லவில்லை. "வால் போகல, துண்டு துண்டா எல்லார்கிட்டயும் இருக்கு" என்றேன். அவள் வலையெடுத்து ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

இன்னொரு செய்தியும் உண்டு. வெனிசுவேலாவின் குமானா நகருக்கு அருகே ஒரு கடற்கரை ஏரியில், பச்சையும் ஆரஞ்சும் உலோகம்போல் மின்னும் கப்பி ஒன்றை 1937 இல் ஃபிராங்க்ளின் பாண்ட் என்பவர் சேகரித்தார். அது மறக்கப்பட்டது. 1975 இல் அதே ஏரியில் எண்ட்லர் அதை மீண்டும் கண்டார். வளர்ப்பாளர்களிடையே அவர் பெயராலேயே பரவிற்று. அதைத் தனி இனமாக விவரித்து 2005 இல் அறிவியல் பெயர் சூட்டியவர்கள், கோபன்ஹேகனின் பழைய பேராசிரியரை நினைத்து 'பொயிசிலியா விங்கேயி' என்றார்கள். தனி இனம்தானா என்று இன்றும் வாதிடுகிறார்கள். கப்பியோடு அது தடையின்றிக் கலக்கும். கடைகளில் எண்ட்லர் என்று விற்பவற்றில் பெரும்பகுதி கலப்புதான்.

போன வாரம் எங்கள் தொட்டியில் ஓர் ஆணைப் பார்த்தேன். உடல் ஓடை மீனுடையது, வால் கண்ணாடி. முதுகுத் துடுப்பில் மட்டும் ஒரு கரும்புள்ளி.

"இது யாரோட பையன்?" என்றாள் மகள்.

வாங்கி வந்த மூன்று ஆண்களின் படம் பழைய கைபேசியில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தோம். சிவப்பு விசிறி மறைத்ததால் முதுகுத் துடுப்பு தெளிவாகத் தெரியவில்லை.